மெஷின் வாங்கிக் கொடுத்தாச்சு, பழக்கி விட்டது யாருங்க?

"ஆளு குறட்டை விட்டுத் தூங்கறான்" என்று சொன்னால் நம்ம பக்கம் என்ன அர்த்தம்? கவலை இல்லாத மனுசன், உழைச்ச உடம்பு, படுத்ததும் தூக்கம். குறட்டைக்கு நம்ம பேச்சிலேயே நல்ல பேர் இருக்குதுங்க. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எங்கள் தோட்டத்துக்கு வந்து ரெண்டு நாள் தங்கிப் போகிற சிநேகிதர்களும் இதையேதான் சொல்கிறார்கள். "உங்களுக்கென்னங்க, சுத்தமான காத்து, உடம்புக்கு வேலை, தலை சாய்ச்சா தூக்கம். எங்களுக்குத்தான் புரண்டு புரண்டு படுத்தாலும் வர்றதில்லை."

இந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கிற நோய்க்கு டவுன், காடு என்ற பேதமெல்லாம் கிடையாது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கிற எங்கள் சின்ன ஊரிலேயே, எனக்குத் தெரிந்து நாலு பேர் ராத்திரி மாஸ்க் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டியவர்கள். அதில் நான் ஒருத்தன். நாலு வீட்டிலும் மெஷின் இருக்கிறது. என்னுடையது நானே வாங்கியது. மற்ற மூன்றும் டவுனில் இருக்கிற மகனோ மகளோ வாங்கி அனுப்பியது. அந்த மூன்றில் இரண்டு, வந்த ஒரு மாசத்துக்குள் பீரோவுக்குள் போய்விட்டன. அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்பிவிட்டு, "அவங்க ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க" என்று வருத்தப்படுகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகிற வழி சுருங்குகிறது. கொஞ்சம் சுருங்கினால் குறட்டை. முழுசாக ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் உடம்பை உலுக்கும். தொண்டை திறந்து, பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும். தூங்குகிற ஆளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் வீட்டுக்காரம்மாதான். "ஏனுங்க, நீங்க தூக்கத்துல மூச்சு விடறதை நிறுத்திப் போடறீங்க. மறுபடி எப்ப விடுவீங்கன்னு நான் உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கறேன்" என்றாள். எத்தனை ராத்திரி எண்ணினாளோ.

டெஸ்ட் ஒன்றும் கஷ்டம் இல்லை. விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு சின்னக் குழாய். அதை மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி வீட்டிலேயே படுத்தேன். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றாலும், நிற்காமல் ரொம்பக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும், அதை ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேலே கடுமை. என் ரிப்போர்ட்டில் 41 என்று வந்தது. ஏழு மணி நேரம் படுத்தால் 287 தடவை. ஒரு மாட்டை ராத்திரி பூரா 287 தடவை தட்டி எழுப்பினால் காலையில் அது என்ன பால் கறக்கும் என்று யோசித்துப் பாருங்க.

இதற்கான மெஷின் செய்கிற வேலையை எங்கள் ஆட்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். தோட்டத்துக்குத் தண்ணி கொண்டு போகிற துணி ஓஸ் இருக்கிறது இல்லையா? மோட்டார் ஓடாதபோது சப்பையாக ஒட்டிக் கிடக்கும். மோட்டார் போட்டதும் உள்ளே போகிற தண்ணியின் அழுத்தத்தில் உருண்டு நிற்கும். நம்ம தொண்டை சப்பையாகிற ஓஸ். மெஷின் ஒரு சின்னக் காற்று மோட்டார். மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும், தொண்டை ஒட்டாமல் நிற்கும். அவ்வளவுதான். இது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, வென்டிலேட்டரும் இல்லை. மூச்சை நாம்தான் விடுகிறோம். மெஷின் வழியை மட்டும் திறந்து வைக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், சிட்னியில், காலின் சல்லிவன் என்கிற டாக்டர் 1980-ல் முதல் நோயாளிக்கு இந்த முறையைச் செய்து பார்த்தார். 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அதுவரைக்கும் நோய் முற்றினவர்களுக்கு இருந்த முக்கியமான வழி தொண்டையில் ஓட்டை போடுவது. ஆரம்ப மெஷின்களில் வாக்குவம் கிளீனர் மோட்டாரை, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதுகிற மாதிரி திருப்பிப் பயன்படுத்தினார்கள். நம்ம ஊரில் மோட்டார் கட்டுகிற ஆட்கள் செய்கிற மாதிரியான வேலை. ஆனால் மாஸ்க்குக்கு என்ன செய்தார்கள் தெரியுங்களா? ஒவ்வொரு நோயாளியின் முகத்துக்கும் தனித்தனியாக அச்சு எடுத்து, அந்த மூக்குக்கென்றே ஒரு மாஸ்க் செய்தார்கள். தினமும் ராத்திரி அதைப் பசை போட்டு ஒட்டிவிட்டுப் படுக்க வைத்தார்கள். மோட்டார் எல்லாருக்கும் பொது, மூக்கு ஆளுக்கு ஆள் வேறு. இது முதல் நாளிலிருந்தே தெரிந்த சங்கதி. நாற்பது வருசம் கழித்து நம்ம ஊருக்கு மெஷின் எப்படி வருகிறது? கூரியரில், அட்டைப் பெட்டியில், ஏதோ ஒரு சைஸ் மாஸ்க்கோடு.

என் பங்காளி முறையில் பெரியப்பா ஒருத்தருக்கு 68 வயசு. மகன் பெங்களூரில் இருக்கிறான், நல்ல பையன். 55,000 ரூபாய் கொடுத்து அவருக்கு மெஷின் வாங்கி அனுப்பினான். நல்ல கறவை மாடு ஒன்றின் விலை. விற்ற கம்பெனி ஆள் வந்து கால் மணி நேரத்தில் மாட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பெரியப்பா ஒன்பது நாள் மாட்டினார். பத்தாம் நாள் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து பீரோவில் வைத்துவிட்டார். "அட போ சாமி, அந்தக் கருமத்தை மூஞ்சில மாட்டிக் கயித்தை இழுத்தா, பொணத்துக்குத் தாடைக்கட்டு கட்டுன மாதிரி இருக்குது" என்றார்.

மகன் இதைப் பிடிவாதம் என்று நினைத்தான். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாஸ்க் ஒரு சைஸ் பெரிசு. மீசைக்கு மேலே பொருந்தாமல் காற்று கசிந்து கண்ணுக்குள் அடித்தது. கசியாமல் இருக்க வாரை இறுக்கினார், மூக்குத் தண்டில் புண் வந்தது. வாய் காய்ந்துபோனது. காற்றை விழுங்கி வயிறு உப்பியது. ஒன்பதாம் நாள் நடுராத்திரி கரண்ட் போனது. மாஸ்க் மூக்கில், மோட்டார் நின்றுவிட்டது, இருட்டு. மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தவர், இது நம்மைக் கொல்லத்தான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது, சொல்லத்தான் ஆள் இல்லை. மாஸ்க்கை இறுக்கக் கூடாது. அதன் ஓரத்தில் இருக்கிற மெத்தை காற்றில் உப்பித்தான் முகத்தோடு ஒட்ட வேண்டும். உட்கார்ந்துகொண்டு சரி செய்தால் படுத்ததும் மாறிவிடும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, அப்புறம்தான் வாரைச் சரி செய்ய வேண்டும். வாய் காய்ந்தால் ஈரக்காற்று கொடுக்கிற தண்ணித் தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். எடுத்த எடுப்பில் காற்று முட்டாமல், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறுகிற வசதி மெஷினிலேயே இருக்கிறது. வயிறு உப்பினால் டாக்டரிடம் சொல்லி அழுத்தத்தைப் பார்த்து மாற்றலாம். கரண்ட் நின்றால், மூக்கு மாஸ்க் போட்டவர் வாயைத் திறந்தால் போதும். வாயும் மூக்கும் சேர்ந்து மூடுகிற மாஸ்க்கில் வெளிக்காற்று உள்ளே வருவதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. இது எதையும் பெரியப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. தமிழில் ஒரு காகிதம்கூட அந்தப் பெட்டியில் இல்லை.

எங்கள் காலத்தில் காளைக் கன்றை வண்டிக்குப் பழக்குவோம். மூக்கணாங்கயிறு போட்ட அன்றைக்கே வண்டியில் பூட்டுகிற ஆள் எங்கேயாவது உண்டா? கயிற்றுக்குப் பழகச் சில நாள். அப்புறம் பழகின காளையோடு சேர்த்து வெறும் நுகத்தடியைக் கழுத்தில் வைத்து நடத்துவோம். பிறகு ஒரு மரக்கட்டையை இழுக்க விடுவோம். அப்புறம்தான் காலி வண்டி, கடைசியில் பாரம். அவசரப்பட்டால் கன்று மிரண்டுவிடும். ஒரு தடவை மிரண்ட கன்றை மறுபடி பழக்குவது ரெண்டு மடங்கு வேலை. வாயில்லாச் சீவனுக்கு இவ்வளவு நிதானம் காட்டுகிற நாம், பெத்த அப்பனுக்குக் கால் மணி நேரம்தான் ஒதுக்கினோம்.

பெரியப்பா விஷயத்தில் இன்னும் ஒன்று நடந்தது. மெஷினைப் பீரோவில் வைத்து ரெண்டு மாசம் இருக்கும். விடியக்காலம் பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் சொசைட்டிக்குப் போனவர், வாய்க்கால் கரையில் ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டார். வண்டி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. தண்ணி விடாத மாசம். தோள்பட்டையில் அடியோடு போயிற்று. தண்ணி ஓடுகிற மாசமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ராத்திரி முறைத் தண்ணி பாய்ச்சுகிறவர்கள், அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள், லோடு வண்டி டிரைவர்கள் என்று எங்கள் ஊரில் தூக்கம் கெட்டவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சக்கரத்தின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நோய் படுக்கையில் தொடங்கினாலும் ஆளை அடிப்பது ரோட்டில்தான்.

அதற்குப் பிறகு நான் தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் மூணு நாள் மெஷினே இல்லை. மாஸ்க்கை மட்டும் கையில் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டு டிவியில் செய்தி பார்த்தார். அப்புறம் நாலு நாள் மெஷினோடு, உட்கார்ந்தபடி அரை மணி நேரம். பிறகு மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம் மாஸ்க்கோடு. கம்பெனிக்குப் பல தடவை போன் போட்டு, மீசைக்கு இடைஞ்சல் இல்லாமல் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்காக மாற்றி வாங்கினோம். ரெண்டாவது வாரத்தில்தான் ராத்திரி. அதுவும் முதலில் ரெண்டு மணி நேரம், எப்போது விழிப்பு வந்தாலும் கழற்றிவிடலாம் என்ற பேச்சோடு. ரெண்டு மாசம் ஆனது. இப்போது ராத்திரிக்கு ஆறு மணி நேரம் போடுகிறார். ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்தவர் ஒரு தடவைதான் எழுகிறார். அவர் வீட்டில் எல்லாரும் அதைச் சர்க்கரையின் வேலை என்றே நினைத்திருந்தார்கள். மூச்சு அடைபடுவதால் ராத்திரியில் சிறுநீர் அதிகம் சுரக்கும் என்பதை டாக்டர்தான் விளக்கினார். காலையில் வருகிற தலைவலியும் போய்விட்டது.

இதில் நான் செய்தது வைத்தியம் இல்லை. சும்மா கூட உட்கார்ந்தேன், அவ்வளவுதான். முதலில் சொன்ன நாலு பேரில் இன்னொருத்தர், ரிட்டயர்டு வாத்தியார், அவர் மெஷின் ஒரு நாள்கூட பீரோவுக்குப் போகவில்லை. காரணம் சாதாரணம். மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ரெண்டு வாரம் ஊரில் இருந்தே வேலை பார்த்தான். ராத்திரி அப்பா மாஸ்க்கைக் கழற்றினால் பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, "என்னப்பா, எங்க அமுத்துது?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்குத்தான் பலன்.

இப்போதெல்லாம் மெஷினே எத்தனை மணி நேரம் போட்டோம் என்று கணக்கு எடுத்து செல்போனுக்கு அனுப்பிவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் பெங்களூர்ப் பையன் அதை வைத்து என்ன செய்தான் என்றால், காலையில் ஏழு மணிக்குப் போன் அடித்து, "அப்பா, நேத்து ஒரு மணி நேரம் இருபது நிமிசம்தான் போட்டிருக்கீங்க" என்றான். பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி. கணக்கு வருகிறது, கையைப் பிடிக்க ஆள் வருவதில்லை. கசிவு எவ்வளவு என்பதும் அதே திரையில் இருக்கிறது. "நேத்து காத்து நிறைய கசிஞ்சிருக்குது, வார் சரியா இருந்துச்சுங்களா?" என்று கேட்டிருந்தால் அதே போன் உதவியாக இருந்திருக்கும். அமெரிக்காவிலேயே காப்பீட்டுக்கு வைத்திருக்கிற அளவுகோல், 30 நாளில் 70 சதவீத ராத்திரிகளில் குறைந்தது 4 மணி நேரம் போட்டிருந்தால் பழகிவிட்டார் என்பதுதான். அதாவது 21 ராத்திரி. அதிக நேரம் போடப் போட நல்லது என்பது உண்மை. ஆனாலும் முதல் வாரத்திலேயே எட்டு மணி நேரம் என்று யாரும் எங்கேயும் எதிர்பார்ப்பதில்லை. நம்ம பிள்ளைகள் மட்டும் எதிர்பார்க்கிறார்கள்.

ஊர்ப்புறத்துக்கென்றே சில சங்கடங்கள் உண்டு, டவுன் கடைக்காரருக்கு அது தெரியாது. எங்கள் போர்வெல் தண்ணியில் உப்பு. சொட்டுநீர்க் குழாயையே அடைக்கிற தண்ணி, மெஷின் தொட்டியை விட்டு வைக்குமா? மருந்துக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கிற தண்ணியை நான் வாங்குவதில்லை, மூச்சோடு உள்ளே போகிற சமாசாரம். மஞ்சளுக்கு மெருகு போடுகிற நாட்களிலும் நெல் அறுப்புச் சமயத்திலும் தூசி சொல்லி முடியாது. காற்று உள்ளே போகிற இடத்தில் இருக்கிற வடிகட்டியை அந்த நாட்களில் வாரம் ரெண்டு தடவை பார்க்கிறேன். கரண்ட்டுக்கு வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதும். தண்ணியைச் சூடாக்குகிற வசதியை அணைத்துவிட்டால், ஒரு சீலிங் ஃபேன் இழுப்பதை விடக் குறைவாகத்தான் மெஷின் இழுக்கும். பெரும்பாலான மெஷின்களின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் எங்கள் ஊர் லோ வோல்டேஜுக்கும் பயமில்லை. கொசுவலைக்குள் குழாயை எப்படி விடுவது, சித்திரை வெயிலில் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கும்போது வயரை எங்கே இழுப்பது என்பதெல்லாம் ஒரு ராத்திரி கூட இருந்து பார்த்தால்தான் புரியும்.

இதையெல்லாம் விடப் பெரிய சங்கடம் வெட்கம்தான். அதை லேசாக எடுக்காதீங்க. 2021-ல் கொரோனா ரெண்டாவது அலையில் எங்கள் ஊரிலிருந்து மாஸ்க்கும் குழாயுமாக ஆம்புலன்ஸில் போன சிலர் திரும்பி வரவில்லை. மூக்கில் குழாய் என்றாலே ஆள் போய்விடுவார் என்று ஊர் மனசில் பதிந்து கிடக்கிறது. "உனக்கு ஆக்சிஜன் வெச்சிருக்காங்களாமா?" என்று என்னிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டவர்கள் உண்டு. என் பேத்திதான் அதைச் சரி செய்தாள். "அப்பாரு, உனக்குத் தும்பிக்கை வந்திருச்சு" என்று ஊர் பூராச் சொல்லி, தன் கூட்டாளிகளைக் கூட்டி வந்து காட்டினாள். அதோடு ஊருக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பரவாயில்லைங்க, மறைப்புதான் ஆகாது. இப்போது கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் தங்கினாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.

"உடம்பைக் குறைச்சா போதும், மெஷின் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உடம்பு பெருத்தவர்களுக்கு இந்த நோய் அதிகம், எடை குறைந்தால் நோயும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தாடை சின்னதாக, உள்வாங்கி இருக்கிற ஒல்லியான ஆட்களுக்கும் இது வரும். எங்கள் வாத்தியாரைப் பார்த்தால் காற்றில் பறந்துவிடுவார் போல இருக்கும். இன்னும் ஒன்று, தூக்கம் கெட்ட உடம்பில் எடையைக் குறைப்பதே சிரமம். ரெண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். ராத்திரி ஒரு கட்டிங் போட்டால் நல்லாத் தூங்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாராயம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், அடைப்பு கூடும். இந்த நோயைக் கவனிக்காமல் விட்டால் ரத்தக்கொதிப்பு, இதய நோய், பக்கவாதம் என்று வழி நீளும். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவமனை சொன்ன காரணத்தில் இந்த நோயின் பேரும் இருந்தது.

அரசாங்கமும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் ஊருக்கும் வீடு தேடி வருகிறார்கள். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்த அம்மா பிரஷர் பார்க்கும்போது கூடவே ரெண்டு கேள்வி கேட்டால் என்ன செலவு? "ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நிக்குதுங்களா? பகல்ல உக்காந்த இடத்துல தூங்கறீங்களா?" இந்த ரெண்டு கேள்வியையும் வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரம்மாவிடமோ கேட்டால், மாத்திரைக்கு அடங்காத பிரஷர் பலருக்கு ஏன் அடங்கவில்லை என்று தெரிந்துவிடும். மெஷின் விற்கிறவர்களும், முதல் மாசத்தில் மூணு தடவையாவது வீட்டுக்கு வந்து பார்ப்பதையும், பொருந்தாத மாஸ்க்கை மாற்றிக் கொடுப்பதையும் விலையிலேயே சேர்த்து எழுதித் தர வேண்டும். சில இடங்களில் மெஷினை வாடகைக்குத் தருகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு மாசம் அப்படிப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் அரசாங்கமும் கம்பெனியும் மாறுகிற வரைக்கும் பொறுப்பு நம்மிடம்தான். முன்னால் சொன்ன ரெண்டு பீரோ மெஷினில் பெரியப்பாவுடையது வெளியே வந்துவிட்டது. இன்னொன்று எங்கள் தெருவில் ஒரு அக்காவுடையது. அறுபது வயசு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த நோய் அதிகமாக வருகிறது. ஆனால் ஆம்பிளை குறட்டை விட்டால் உழைப்பாளி, பொம்பளை குறட்டை விட்டால் கேலி. அதனால் அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சென்னையில் இருக்கிற மகள்தான் ஒரு தீபாவளிக்கு வந்தபோது கவனித்து, டெஸ்ட் எடுத்து, மெஷின் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் ஒரே ஆசாரம், எல்லாரும் அங்கேதான் படுக்கிறார்கள். மருமகள் முன்னால், சம்பந்தி வந்தால் அவர்கள் முன்னால் அதை மாட்டிக்கொண்டு படுக்க அக்காவுக்குக் கூச்சம். மதியத்தில் அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார், எதிரில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்.

பெரியப்பாவுக்குச் செய்த மாதிரி நான் போய் அக்காவுக்குச் செய்ய முடியாது. என் வீட்டுக்காரம்மா ரெண்டு தடவை போய்ப் பேசிவிட்டு வந்தாள். "புள்ளை வரட்டும், பாக்கலாம்" என்பதுதான் பதில். புள்ளை வாராவாரம் போனில் கேட்கிறாள், "அம்மா, போடறியா?" என்று. அக்காவும் "போடறேன் சாமி" என்கிறார்.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேருடைய அம்மா போனில் "போடறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. அடுத்த தடவை பொங்கலுக்கு வரும்போது கரும்பைத் தின்றுவிட்டு மறுநாள் பஸ் ஏறாதீங்க. ஒரு பத்து நாள் லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு வாங்க. அம்மாவுக்கு ஒரு தனி அறையோ, ஒரு திரைச்சீலையோ ஏற்பாடு பண்ணுங்க. முதல் மூணு நாள் பகலில் மாஸ்க்கைக் கையில் கொடுங்க. ராத்திரி பக்கத்தில் பாய் போட்டுப் படுங்க. அவங்க கழற்றினால் திட்டாதீங்க, எங்கே அமுத்துகிறது என்று மட்டும் கேளுங்க.